தோல்காரர் மகனின் கல்யாணத் தேதி

“பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு: மூத்த குழந்தைக்கு ஞானஸ்நானம். மே, நடு வாரம்: திருமணம். இரண்டும் ஒரே ஆண்டு.”

என் ஐந்தாவது நோட்டின் இடப்பக்கத்தில் பச்சை மையில் இப்படி இருக்கிறது. எழுதிய நாளையும் கீழே குறித்திருக்கிறேன்: ஜூலை முதல் சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி, செம்பூர், நல்ல மழை. இந்த ஒரு குறிப்பால் எங்கள் தாராவித் தமிழ்ச் சபையில் இரண்டு மாதம் நான் கேலிக்கு ஆளானேன். பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நடந்தபடியே, நாள் வரிசையில் எழுதிவைக்கிறேன்.

இதில் யார் பெயரும் வராது. உயிரோடிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்துப் பெஞ்சில் உட்காருபவர்கள். நானூறு வருடங்களுக்கு முன் இறந்தவரின் பெயரோ எங்கள் பண்டிகை மலரில் முழுதாக அச்சாகியிருக்கிறது. வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அவர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஓர் ஆங்கிலக் குருவானவர். சின்னக் கிராமம் ஒன்றில் நாற்பது வருடம் ஊழியம் செய்தவர். பிஷப் ஆகவில்லை, லண்டனில் பிரசங்கிக்கவில்லை, அரசரைப் பார்த்ததாகவும் தெரியவில்லை. எபிரெயம், கிரேக்கம், அரபு மூன்றையும் கற்றிருந்தார். நான் அவரைச் சந்தித்தது மாட்டுங்காவில்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசைதான் என் இடம். ஒரு மே விடுமுறையில், கழித்துவிட வேண்டிய புத்தகங்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று, பழைய குருமாரின் சரித்திரத் தொகுப்பு, கையில் வந்தது. கரையான் முதல் பன்னிரண்டு பக்கத்தைத் தின்றிருந்தது. மிச்சத்தில் கண்ணில் பட்ட முதல் வரி, இவருடைய தகப்பனார் ஓடைக்கரையில் தோல் பதனிடுபவர் என்றது. பட்டியலை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தேன்.

என் அப்பாவும் தோல் பட்டறையில்தான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். ஆவாரம்பட்டைச் சாறு ஏறிய அவருடைய விரல் நுனிகள் கடைசிவரை வெளுக்கவே இல்லை. நான் மாட்டுங்காவில் பள்ளிக்குப் போன நாட்களில், என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வாள். என் பாவாடையில் வாடை இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பா பட்டறைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

ஆகவே, தோல்காரர் வீட்டிலிருந்து ஒருவர் போய் எபிரெய அகராதிக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார் என்றதும் என்னால் அவரை விட முடியவில்லை. அந்தப் புத்தகத்தைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து, முறைப்படி விண்ணப்பம் கொடுத்து, நானே வாங்கிக்கொண்டேன். அதன்பின் பன்னிரண்டு வருடச் சனிக்கிழமைகள் அவருக்குத்தான்.

பல்கலைக்கழகத்தில் அவர் பணக்கார மாணவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் பரிமாறி, அதற்குக் கைம்மாறாகப் படித்தார். மேசையில் மிஞ்சியதுதான் அவருக்குச் சாப்பாடு. பட்டம் பெற்றபின் அந்தச் சின்னக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்துகொண்டே நான்கு நூல்கள் எழுதினார். முதலாவது பிரசங்கத் தொகுப்பு. இரண்டாவது, வேதாகமத்தில் வரும் எடைகளையும் அளவுகளையும் பற்றியது. மூன்றாவது, ஆதாம் முதல் பாபிலோன் சிறையிருப்பு வரையிலான கால அட்டவணை. நான்காவது எபிரெயச் சொற்களைப் பற்றியது. அச்சாகாமல் கையெழுத்துப் பிரதியாகவே இருக்கிறது.

பிரசங்கத் தொகுப்பில் பொறுமையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. ஓக் மரப்பட்டைக் குழியில் தோல் ஒரு வருடத்துக்குமேல் கிடக்க வேண்டும், அவசரப்பட்டு எடுத்தால் வெளியே தோலாகவும் உள்ளே பச்சையாகவும் இருக்கும் என்கிறார். நடுவில் வெட்டிப் பார்த்தால் பச்சைக் கோடு தெரியும் என்பதுவரை சொல்கிறார். இதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுத்திருக்காது. எங்கள் அப்பாவும் ஓரத்தை வெட்டி அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார். அந்தப் பக்கத்தை ரயிலில் படித்துக்கொண்டிருந்தபோது, நான் இறங்க வேண்டிய சயானைத் தாண்டி குர்லா வந்துவிட்டது.

கால அட்டவணை இரண்டாம் முறை அச்சானபோது, முதல் பக்கத்திலேயே, முன்னுரைக்கும் முன்னால், முதற்பதிப்பில் தான் செய்த பிழைகளை எண் போட்டு அடுக்கியிருக்கிறார். நான் பார்த்த பழைய நூல்களில் பிழைத்திருத்தம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். எனக்கு அவர்மேல் மரியாதை முழுமையானது அந்தப் பக்கத்தில்தான்.

எங்கள் சபையில் ஒவ்வொரு வருடமும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மலர் போடுவோம். அதில் ஓர் ஊழியருடைய சரித்திரம் வரும். அச்சுக்குப் போகும் முன் எழுதியவரே கமிட்டிக்கு முன்னால் முழுவதையும் உரக்க வாசிக்க வேண்டும். இது ஆரம்பகாலம் தொட்டு உள்ள வழக்கம். தமிழ் வாசிக்கத் தெரியாத இளையவர்கள் கூடிவிட்டதால், அச்சானதைப் பண்டிகையன்று அசன விருந்துக்குப் பின் சபைக்கும் வாசித்துக் காட்டுவோம். சரித்திரம் எழுத இந்த வருடம் என்னைக் கேட்டார்கள். இதுவரை பெண்கள் யாரும் எழுதியதில்லை. தோல் பட்டறைக் குடும்பத்திலிருந்தும் யாரும் எழுதியதில்லை.

ஆகஸ்டு இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வாசித்தேன். கமிட்டியில் ஒன்பது பேர். நான்காவது பக்கத்தில் அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தேதி வரிசையில் அட்டவணையாகக் கொடுத்திருந்தேன். பிப்ரவரி ஞானஸ்நானத்தையும் அடுத்து மே திருமணத்தையும் வாசித்துவிட்டு மூச்சு விட நிறுத்தினேன்.

“யக்கா, ஒரு நிமிசம்,” என்றார் சபைச் செயலர். தாராவியில் தோல் பை கடை வைத்திருப்பவர். எங்கள் பழைய சந்தில் என்னைவிட எட்டு வயது சின்னவராக வளர்ந்தவர். விரலை மடக்கினார். “பிப்ரவரில பிள்ளைக்கு ஞானஸ்நானம். மே மாசம் கல்யாணம். சரிதான?”

“ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு.”

“அரே, அப்ப ஐயரு பிள்ளைய மடில வச்சுக்கிட்டுத்தான் தாலி கெட்டுனாரா?”

எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றே சொல்வோம். அறை முழுவதும் சிரித்தது. எங்கள் குருவானவர், முப்பத்தைந்து வயதுக்காரர், சிரிக்காமலிருக்கத் தண்ணீர் குடித்தார். புரையேறியது.

“அங்க தாலி கிடையாது, தம்பி,” என்றேன்.

“மோதிரம்னே வச்சிக்கிடுங்க. பிள்ள மோதிரத்தப் பிடிச்சு இழுத்துருக்கும்லா?”

அதுவரை பரவாயில்லை. எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்திருந்தது. அப்போது தாணேயிலிருந்து வரும் கமிட்டி உறுப்பினர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “தோல் பட்டறைல பிறந்தவன், பின்ன எப்படி இருப்பான்?”

சிரிப்பு நின்றுவிட்டது. இருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் தோல் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். அவர் சொன்னது இங்கிலாந்துக்காரரைத்தான் என்று வைத்துக்கொண்டோம். செயலர் தன் கைக்கடிகாரத்தின் தோல்வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

குருவானவர்தான் சமாதானமாகப் பேசினார். “அக்கா, கட்டுரை ரொம்ப நல்லா இருக்கு. அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துடலாமே. யாருக்கும் நஷ்டமில்லையே.”

“எடுக்க முடியாது, ஐயா.”

“ஏன்க்கா? அவரோட ஊழியம்தான நமக்கு முக்கியம்?”

“இதை நான் எடுத்துட்டா, மிச்சம் இருக்கிற தேதியில இன்னும் எதையெல்லாம் எடுத்திருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப முழுசாவே எடுத்துருவோம்,” என்றார் தாணேக்காரர். “வேற ஊழியரா இல்ல?”

அக்டோபர் கடைசி வாரம் மலர் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதுவரை பார்க்கலாம் என்று முடிவானது. அதாவது, நான் இரண்டு வரியை எடுத்தால் கட்டுரை வரும். எடுக்காவிட்டால் வேறொருவருடைய சரித்திரம் வரும்.

சயானிலிருந்து குர்லா, குர்லாவில் மாறி செம்பூர். அன்று ரயிலில் எனக்கு இருந்த கோபத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அவர் திருமணத்துக்கு முன்பே தகப்பனாகியிருந்தாலும் என் கண்ணில் அவர் குறைந்துவிடப் போவதில்லை. எபிரெயமும் அரபும் அப்படியேதான் இருக்கும். ஆனால் பன்னிரண்டு வருடம் உழைத்து நான் அவரைத் தாராவிக்குக் கொண்டுவந்தது, அந்த அறையில் இருக்கும் ஐந்து பேரும் அவர்கள் பிள்ளைகளும் தலை நிமிர்ந்து கேட்பதற்காக. என் அட்டவணையோ தாணேக்காரர் வாயில் ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. தேதியை மறைத்து அந்த வாக்கியத்தை அழிக்க எனக்குச் சம்மதமில்லை. மறைத்தால் அவர் சொன்னது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்த வாரங்களில் கேலி எனக்குப் பழகிவிட்டது. கோயில் வாசலில் “யக்கா, உங்க ஐயரு பேரப்பிள்ள எடுத்தாச்சா?” என்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. எல்லாரும் தேதியை நம்பினார்கள், நானும் நம்பினேன். இணையத்தில் ஓர் ஆர்வலர் அந்தக் கிராமத்துக் கோயில் பதிவேட்டைத் தட்டச்சு செய்து போட்டிருந்தார். குடும்பப் பெயர்களின் அகர வரிசையில் போட்டிருந்தார். அதிலிருந்துதான் இரண்டு வரிகளையும் எடுத்தேன். மூன்று முறை சரிபார்த்து எடுத்தேன்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, பகல் மூன்று மணி. செம்பூரில் என் வீட்டு மணி அடித்தது. வாசலில் செயலர், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பழைய காகிதங்கள்.

“சண்டை அங்கன, பத்திரம் இங்கன,” என்றார். “பாத்துச் சொல்லுங்கக்கா. ஊர்ல வக்கீலு கேக்காரு.”

இது எனக்குப் பழைய வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில், மலையாளத்தார் வழங்கும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். தாராவியில் யாருக்காவது ஊரில் நிலத்தகராறு வந்தால், பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் எழுத்தைக் கூட்டி வாசித்து, கொல்லத்தை ஆங்கில ஆண்டாக மாற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை எண்ணூற்று இருபத்து நான்கைக் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்தபின் எண்ணூற்று இருபத்தைந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

செயலர் கொண்டுவந்தது இரண்டு பத்திரம். அவருடைய பூட்டனார் மனை வாங்கியது ஆவணி மாதம். அதே மனையைப் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தது மாசி மாதம். இரண்டிலும் ஒரே கொல்லம் ஆண்டு. நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“யக்கா, ரெண்டுலயும் ஒரே வருசந்தான போட்டிருக்கு? நீங்க எதுக்கு ரெண்டு வருசமா எழுதிருக்கிய? மாசின்னா பிப்ரவரி. ஆவணின்னா ஆகஸ்டு. அப்ப மாசிதான முந்தி?” சற்று யோசித்தார். முகம் மாறியது. “வாங்குறதுக்கு முந்தியே பாகம் வச்சிட்டாவளா? இது போலிப் பத்திரமாக்கா?”

எனக்கு எரிச்சல் வந்தது. “கொல்லம் வருசம் ஆவணிலதான் பொறக்கும், தம்பி. ஆவணி முதல் மாசம். மாசி ஏழாவது மாசம். ஆவணில வாங்குனாவ, ஆறு மாசம் கழிச்சு மாசில பிரிச்சாவ. வருசம் எங்க பொறக்குதுன்னு பாக்காம மாசத்த மட்டும் பாத்தா எல்லாம் தலைகீழாத்தான்...”

பேச்சு அங்கே நின்றுவிட்டது.

“என்னக்கா? நெஞ்சு வலிக்கா? தண்ணி தரட்டா?”

நான் எழுந்து அலமாரியிலிருந்து ஐந்தாவது நோட்டை எடுத்தேன். பிறகு முதலாவது நோட்டை. பிறகு அந்த அட்டையில்லாத புத்தகத்தை.

அந்தப் புத்தகத்தில் சில இடங்களில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டெண்கள், நடுவில் சாய்கோடு போட்டு இருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன், என் முதல் நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்: “ஆசிரியருக்கே ஆண்டு உறுதியில்லை போலும்.” அந்தத் தேதிகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வேறு எந்த மாதத்துக்கும் சாய்கோடு இல்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் இருபத்தைந்தாம் தேதி, மரியாளுக்குத் தேவதூதன் நற்செய்தி சொன்ன திருநாளில்தான் பிறக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் ஜனவரிக்கு மாறினார்கள்; அதனால்தான் அந்த மூன்று மாதத்துக்கும் பழைய கணக்கு, புதிய கணக்கு என்று இரண்டு ஆண்டெண்கள். இதை நான் எங்கோ படித்தும் இருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேருக்காவது கொல்லம் ஆண்டை மாற்றிக் கொடுக்கிறேன். ஆண்டு எந்த மாதத்தில் பிறக்கிறது என்று முதலில் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். ஆனால் வெள்ளைக்காரர் ஆண்டு என்றால் ஜனவரி என்று நினைத்துவிட்டேன். நம்முடையதைத்தான் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும், அவர்களுடையது எப்போதும் நேராக இருக்கும் என்று எனக்குள் எங்கோ எழுதி ஒட்டியிருந்திருக்கிறது.

செயலருக்கு விளக்கினேன். மே மாதத்தில் கல்யாணம். அதே ஆண்டின் பிப்ரவரி, அந்த மே மாதத்துக்குப் பின்னால் வருவது. நான் அட்டவணையில் தலைகீழாக வைத்துவிட்டேன்.

அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். ஜூன், ஜூலை என்று போய், பிப்ரவரியில் ஒன்பதாவது விரல் மடங்கியது. கைகளை அப்படியே தூக்கிக் காட்டினார்.

“ஒம்பது! யக்கா, ஒம்பது!” தன் பத்திரத்தையே மறந்துவிட்டார். “நாளைக்கே கமிட்டியக் கூட்டுதேன். அந்தத் தாணேக்காரர நான் பாத்துக்கிடுதேன்.”

“இப்ப வேண்டாம், தம்பி. இங்கிலாந்துல எல்லாரும் அப்படி எழுதுனாவங்கிறதால இந்தக் கோயில்லயும் அப்படி எழுதுனாவன்னு ஆயிராது. சில பேரு ஜனவரிலயும் தொடங்கியிருக்காவ. மூலப் பக்கத்தப் பாக்கணும்.”

“இன்னுமா பாக்கணும்? அதான் ஒம்பது வந்துட்டே!”

“ஒரு தடவ பாக்காம வாசிச்சதுக்குத்தான இவ்வளவு பாடு?”

அந்தப் பதிவேடு இப்போது அங்கே ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அன்று மாலை ஐந்தே காலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்தப் பதிவு, எந்த ஆண்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகள் எனக்கு ஏன் வேண்டும் என்று எழுதினேன். யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பம்பாயில் தோல் பதனிட்ட ஒருவருடைய மகள் என்று எழுதினேன். அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அனுப்பியபின் அழிக்கவும் முடியவில்லை.

பதில் அக்டோபர் இரண்டாம் வியாழன் வந்தது. நீளமான கடிதமில்லை. கேட்ட பக்கத்தின் படம் இணைக்கப்பட்டுள்ளது, உங்கள் ஊகம் சரி என்று தோன்றுகிறது, பக்கத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ஒரு பெண் அலுவலர் எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் மேற்பகுதியில், மே நடு வாரம், அவருடைய திருமணம். பல பதிவுகளுக்குப் பின் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஓர் அடக்கம். ஜனவரியில் இரண்டு ஞானஸ்நானம். அதற்குக் கீழே, பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, அவருடைய மூத்த குழந்தை. பிறகு மூன்று பதிவுகள். பிறகு பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பெரிய எழுத்தில் புதிய ஆண்டெண். அதன்கீழ் முதல் பதிவு மார்ச் கடைசி வாரம். இந்தக் கோயிலிலும் ஆண்டு மார்ச்சில்தான் பிறந்திருக்கிறது; அகர வரிசைத் தட்டச்சில் இந்தக் கோடு காணாமல் போயிருந்தது.

நான் கைப்பேசியை வைத்துவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு, மறுபடி பார்த்தேன். கோடு அங்கேயேதான் இருந்தது.

அந்த ஞாயிறு கமிட்டியில் மறுவாசிப்பு. என் ஆங்கிலக் குருவானவரைப் பின்பற்றி, கட்டுரையின் முதல் பக்கத்திலேயே என் பிழையைப் போட்டிருந்தேன்: அட்டவணையில் நான் செய்த தவறு இன்னது, அது எனக்குப் புரிந்தது கொல்லம் ஆண்டுப் பத்திரம் ஒன்றைப் படித்தபோது. பதிவேட்டின் படத்தை அச்செடுத்து ஒன்பது பேருக்கும் கொடுத்தேன். தாணேக்காரர் அதை வெகுநேரம் பார்த்தார். உண்மையிலேயே கோட்டைத் தேடித்தான் பார்த்தார்; அதை நான் சொல்லியாக வேண்டும்.

“ஆனாலும் வருஷம்னா ஜனவரிதானே,” என்றார்.

செயலர் இதற்காகவே காத்திருந்தார். “சார், நீங்க எத்தன வருசம் பேங்க்ல மார்ச் எண்டிங் பாத்திருப்பிய? அங்க பிப்ரவரி எந்த வருசக் கணக்குல வரும்?”

தாணேக்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம், “அன்னைக்கு நான் சொன்ன வார்த்த கொஞ்சம் அதிகம்மா,” என்றார். நான் தலையசைத்தேன். இதையும் அன்றைய தேதியிட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

கட்டுரை ஒரு வரியும் குறையாமல் மலரில் வந்தது. தலைப்பை மட்டும் குருவானவர் வைத்தார். நான் ‘ஓர் ஆங்கில ஊழியரின் வாழ்வும் நூல்களும்’ என்று கொடுத்திருந்தேன். அவர் அதற்கு மேலே ‘தோல்காரர் மகன்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்.

நவம்பர் முதல் ஞாயிறு பண்டிகை. பிற்பகல் இரண்டு மணிக்கு அசனம் முடிந்து, வாழையிலைகள் எடுத்து, கூடத்தைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் நாற்காலி போட்டார்கள். நான் வாசித்தேன். தோல் குழியைப் பற்றிய பிரசங்கம் வந்தபோது, நடுவில் வெட்டினால் தெரியும் பச்சைக் கோடு என்றதும், பின்வரிசையில் ஒரு பெரியவர் “ஆமா, ஆமா, தெரியும்” என்று உரக்கச் சொன்னார். பக்கத்திலிருந்தவர்களுக்குக் கையால் வெட்டிக் காட்டினார். நானூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு பிரசங்கத்துக்குத் தாராவியில் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த வரியை வாசித்தேன்.

கல்யாணத் தேதி வந்தபோது நிறுத்தி விளக்கினேன். செயலர் எழுந்து, “அந்தப் பத்திரம் என்னோடது” என்று சபைக்கு அறிவித்தார். கைதட்டல் பாதி அவருக்குத்தான்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மைனி என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருபத்தெட்டு வருடம் நர்சாக இருந்தவர். மலரில் நாள், வாரம் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்க. ஆனா செக்ரட்டரி மாதிரி வெரல மடக்குனா போதாது. கல்யாணத்துலேருந்து ஞானஸ்நானம் வரைக்கும் எண்ணினேன். இருநூத்தி எழுவது நாளு, ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன. கரு தங்குனா பிள்ள பொறக்க இருநூத்தி அறுவத்தாறு. மிச்சம் நாலஞ்சு நாளுதான் இருக்கு.”

“சரியா வருதே, மைனி.”

“வருது. ஆனா மூச்சு விட எடமில்ல. பொறந்து அஞ்சு நாளைக்குள்ள கோயிலுக்குத் தூக்கிட்டு வந்திருந்தாத்தான் வருது. மூணு வாரம் கழிச்சுத் தூக்கிட்டு வந்தாவன்னா, கரு கல்யாணத்துக்கு முந்தியே தங்குனதால்லா ஆயிரும்?”

“பிள்ள பொறந்தா அடுத்த ஞாயிறோ திருநாளோ ஞானஸ்நானம் குடுத்திரணும்னு அந்தக் கால ஜெபப் புத்தகத்துல இருக்கு.”

“புஸ்தகத்துல இருந்தா எல்லாரும் செஞ்சிருவாவளா? ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டு, தேற வச்சுத் தூக்கிட்டு வந்திருந்தாலும் கணக்கு வரும்.” மலரைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தார். “எப்பப் பொறந்துதுன்னு எழுதலியா ஒங்க ஐயரு?”

எழுதவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அதே படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் பிறந்த நாள் இல்லை; ஞானஸ்நானம் மட்டும்தான். ஐந்தாவது நோட்டில், பச்சை மையில் எழுதிய பழைய மூன்று வரிகளை அடிக்காமல் விட்டு, எதிர்ப்பக்கத்தில் கறுப்பு மையில் சரியான வரிசையை எழுதினேன். அதன்கீழ் இன்னொரு வரி எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்களுக்கும் அதையே சொல்லிவைக்கிறேன்: திருமணம் மே மாதத்தில், ஞானஸ்நானம் அதற்கடுத்த பிப்ரவரியில்; இவ்விரண்டும் மூலப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்யப்பட்டவை. குழந்தை பிறந்த தேதி எனக்குக் கிடைக்கவில்லை. அது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.